கோழியின் சொண்டில் கை வைக்காதீர்கள், கூட்டை அளந்து பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நாலு கோழி வைத்திருக்கிறவர்கள், வைக்கப் போகிறவர்கள், வாழ்வாதார உதவி என்று கோழிக்கூடு கொடுக்கிற சங்கங்கள் எல்லாரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கோழி வளர்க்கிற வீடுகளில் மூன்று கதைகள் அடிக்கடி காதில் விழுகின்றன.

"அந்தப் புள்ளிப் பேடு சரியான சண்டைக்காரி. இந்த வெள்ளிக்கிழமை சட்டிக்குப் போட வேண்டியதுதான்."

"கத்தியை அடுப்பில் பழுக்க வைத்து சொண்டு நுனியைச் சுட்டு விடுங்க, எல்லாம் அடங்கிடும்."

"பத்துக் கோழி கொடுத்தோம், பாதிதான் மிச்சம். இந்தப் பொம்பளைகளுக்குப் பராமரிக்கத் தெரியாது."

மூன்றும் பிழை. மூன்றுக்கும் வேர் ஒன்று. கூட்டைப் பார்க்காமல் கோழியையும், கோழியைப் பார்க்கிற பெண்ணையும் குற்றம் சாட்டுவது. பாடசாலையில் விவசாயமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இது என்ன பெரிய விடயம் என்று சிலர் கேட்கலாம். 2022 இல் கோழித்தீன் விலை ஏறி, பண்ணைகள் மூடப்பட்டு, முட்டை தட்டுப்பாடு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற நிலைக்கு நாடு போனது. அதற்குப் பிறகுதான் பலர் வீட்டு மூலையில் கூடு அடித்து ஐந்தோ பத்தோ கோழி வைத்தார்கள். வாப்பா இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு நேர முட்டைக் கறி, மிச்சத்தை விற்றால் கொப்பிக்கும் பேனைக்கும் காசு. ஒரு கோழி கொத்துப்பட்டுச் செத்தால் அந்த வீட்டில் போவது ஒரு கோழி மாத்திரம் அல்ல. அதனால்தான் சொல்கிறோம், இது பெரிய விடயம்தான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். கோழிகளுக்குள் பெரியவள், சிறியவள் என்ற வரிசை உண்டு. அதைப் படைத்தவன் அப்படித்தான் படைத்திருக்கிறான். நோர்வே நாட்டில் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து கவனித்து, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது யாருக்கு விலகிப் போகிறது என்று எழுதி வைத்தார். 1921 இல் அதையே தன் ஆய்வாகச் சமர்ப்பித்தார். உலகம் முழுக்க இன்று பேசப்படும் 'கொத்து வரிசை' என்ற கருத்து அவரிடமிருந்து வந்ததுதான். முதலாவது கோழி எல்லாரையும் கொத்தலாம். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்ற எல்லாரையும் கொத்தலாம். கடைசிக் கோழி யாரையும் கொத்தாது. சில நேரம் இந்த வரிசை நேராக இல்லாமல் முக்கோணமாகவும் அமையும், ஒன்று இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், மூன்றாவதோ முதலாவதை அடக்கும் என்பதையும் அவர் கண்டிருந்தார்.

இந்த வரிசை சண்டைக்காக ஏற்பட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை நேர்மாறானது. வரிசை ஒருமுறை முடிவானதும் சண்டை குறைகிறது. பெரிய கோழி ஒரு பார்வை பார்த்தால் போதும், சிறியது ஒதுங்கிவிடும். மிஞ்சிப் போனால் தலையில் ஒரு கொத்து. இரத்தம் வராது, இறகு பறக்காது. ஒழுங்கான கூட்டில் மூத்த பேடு அப்படித்தான் இருக்கும். ஒரு கூட்டில் கிழமைக் கணக்காக இரத்தம் வடிகிறது என்றால், அங்கே வரிசை இருக்கிறது என்று அர்த்தமல்ல. வரிசையே அமைய முடியாத அளவுக்கு அல்லது ஒதுங்கிப் போக இடமில்லாத அளவுக்கு ஏதோ பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒதுங்கிப் போகிறவளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். நாலு பக்கமும் கம்பி வலை, அவள் எங்கே போவாள்?

இரண்டாவது, எல்லாக் கொத்தும் ஒரே கொத்து அல்ல. எந்தக் கொத்து என்று பார்க்காமல் வைத்தியம் செய்பவர்கள்தான் கத்தியைத் தூக்குகிறார்கள்.

தலையிலும் கொண்டையிலும் படுகிற கொத்து வரிசைக்கான கொத்து. தீன் தட்டருகிலும், புதிய கோழி வந்தாலும் இது வரும். சில நாளில் தானாக அடங்கும்.

முதுகிலும் வால் அடியிலும் இறகைப் பிடுங்கித் தின்கிற கொத்து வேறு. அதில் கோபமே இல்லை. மண்ணைக் கிளறிப் புழு பொறுக்க வேண்டிய சொண்டு, கிளற மண் இல்லாததால் பக்கத்திலிருப்பவளின் முதுகைக் கிளறுகிறது. ஒரு கோழியை வெளியில் விட்டுப் பாருங்கள், விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை அதன் சொண்டுக்கு ஓய்வே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கம்பித் தளத்தில் சும்மா நிறுத்தி வைத்தால் அது என்னதான் செய்யும்? தீனில் புரதம் போதாவிட்டாலும், உப்புச் சத்துக் குறைந்தாலும் இறகு தின்பது கூடும்.

பின்புறத்தில் முட்டை வருகிற வாசலைக் கொத்துவது மூன்றாவது வகை. இதுதான் மிக ஆபத்து. முட்டையிட்ட உடனே அந்த இடம் சிவந்து கொஞ்ச நேரம் வெளித்தெரியும். வெளிச்சமான திறந்த இடத்தில் முட்டையிட்டால் மற்றக் கோழிகள் அந்தச் சிவப்பைக் கண்டு கொத்தும். ஒரு துளி இரத்தம் வந்தால் முழுக் கூட்டமும் சேர்ந்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் குடல் வெளியே வந்து கோழி செத்துக் கிடக்கும்.

முதுகு மொட்டையாகி, காயம் எதுவும் இல்லை என்றால் நாலாவது காரணம் இருக்கலாம். சேவல் கூடிவிட்டது. எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். ஐந்து பேட்டுக்கு மூன்று சேவல் வைத்திருந்தால் பேடுகளின் முதுகில் இறகு எப்படி நிற்கும்? மேலதிக சேவல்களை அறுத்துச் சாப்பிடுங்கள். ஹலாலான உணவு, அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அடைக்கோழியையும், குஞ்சு மேய்க்கிற தாயையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சீறுவது அவற்றின் கடமை. அடை தெளிவிக்க என்று வாளித் தண்ணீரில் கோழியை முக்கி எடுக்கிற பழக்கத்தையும் நிறுத்துங்கள். முட்டையை உடனுக்குடன் எடுத்து, வைக்கோல் இல்லாத, கீழே காற்றுப் படுகிற தட்டியில் தீனும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் விட்டால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

இனி அளவுக்கு வருவோம். ஆசிரியர்கள் என்றால் கணக்கு இல்லாமல் விடமாட்டார்கள்தானே.

உதவியாகக் கொடுக்கப்படுகிற கூடுகளில் நாலடி நீளம், இரண்டடி அகலம் உள்ளவற்றைப் பார்த்திருப்பீர்கள். எட்டுச் சதுர அடி. அதில் பத்துக் கோழி. ஒரு கோழிக்கு 0.8 சதுர அடி. பிள்ளைகள் பரீட்சைக்குப் பாவிக்கிற ஏ4 தாள் ஒன்றை எடுத்துக் கீழே வையுங்கள். அது கிட்டத்தட்ட 0.67 சதுர அடி. அதைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் ஒரு உயிர் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், தின்ன வேண்டும், முட்டையிட வேண்டும், தன்னைக் கொத்த வருகிறவளிடமிருந்து தப்பவும் வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை இப்படி இருத்தினால் பெற்றோர் விடுவார்களா?

வீட்டில் வளர்க்கும் கோழிக்கு இரவு அடையும் கூட்டில் தலைக்கு நாலு சதுர அடி, பகலில் நடமாட வலையடைப்பில் பத்துச் சதுர அடி என்பது நல்ல கணக்கு. பத்துக் கோழிக்கு மொத்தம் 140 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடி. அதாவது அரைப் பேர்ச்சை விடக் கொஞ்சம் கூட. "எங்கட வளவு சின்னது" என்பவர்களுக்கு எங்கள் பதில், அப்படியென்றால் ஐந்து கோழி வையுங்கள். சண்டையில்லாத ஐந்து கோழி இடுகிற முட்டை, இரத்தம் சிந்துகிற பத்துக் கோழி இடுகிற முட்டைக்குக் குறையாது. பயத்தில் தீன் தட்டுக்கே வர முடியாத கோழி முட்டையிடாது, தீன் காசை மாத்திரம் தின்னும்.

வலையடைப்புக்குச் செலவு கூட என்பவர்கள் கரைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். கிழிந்து ஒதுக்கிய மீன்வலையைத் தைத்துக் கட்டினால் பகல் அடைப்புக்குப் போதும். இரவுக் கூட்டுக்கு மாத்திரம் நாயும் கீரியும் புகாத உறுதியான கம்பி வலை வேண்டும். மேலே தகரம் போட்டால் கச்சான் காலத்தில் கூடு அடுப்பாகிவிடும், சூடு கூடினால் கொத்தும் கூடும். தகரத்துக்கு மேலே கிடுகு பரப்புங்கள் அல்லது மர நிழலில் கூட்டை வையுங்கள்.

தீன் தட்டு: நீளத் தட்டில் ஒரு கோழிக்கு நாலு அங்குல இடம். ஒரே ஒரு பேசினை நடுவில் வைத்தால் மூத்தவள் அதில் ஏறி நின்றுகொள்வாள். இரண்டு தட்டு, இரண்டு தண்ணீர்ப் பாத்திரம், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடங்களில். அவள் ஒன்றைக் காவல் காக்கும்போது மற்றவர்கள் மற்றதில் தின்பார்கள். இது பத்துச் சதம் செலவில்லாத வைத்தியம். இதைச் செய்யாமல் கத்தியைச் சூடாக்குகிறவர்களை என்ன சொல்வது?

தடி: இரவில் உட்கார ஒரு கோழிக்கு எட்டு அங்குலம். எல்லாத் தடியும் ஒரே உயரத்தில் இருந்தால் மேல் தடிக்கான இரவுச் சண்டை குறையும்.

முட்டைப் பெட்டி: நாலைந்து பேட்டுக்கு ஒன்று. இருட்டான மூலையில், முன்னால் சாக்குத் துண்டு தொங்கவிட்டு. மேலே சொன்ன மூன்றாவது கொத்துக்கு இந்தச் சாக்குத் துண்டுதான் மருந்து.

தரை: உமியோ மரத்தூளோ காய்ந்த சருகோ ஒரு சாண் போடுங்கள். தானியத்தில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல் அதில் தூவிவிடுங்கள். தேடித் தின்னட்டும். முருங்கை இலையோ கங்குனோ கட்டாகக் கட்டி, கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து குளிக்க விடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மணலுக்கா பஞ்சம்? சொண்டுக்கும் காலுக்கும் வேலை இருந்தால் பக்கத்து முதுகு தப்பும்.

தீன்: சோற்று மிச்சம் மாத்திரம் போட்டால் வயிறு நிறையும், புரதம் கிடைக்காது. முட்டையிடும் கோழியின் தீனில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். கடைத்தீன் முழுவதும் வாங்க முடியாவிட்டால் அதனுடன் அவித்த மீன் கழிவு, தேங்காய்ப் புண்ணாக்கு, கறையான், கீரை என்று சேருங்கள். கருவாட்டுத் தலையைப் போடுகிறவர்கள் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுப் போட வேண்டும். உப்புக் குறைந்தால் கொத்து, உப்புக் கூடினால் சாவு.

செள்ளும் பேனும்: கடியில் தூக்கமில்லாத கோழி எரிச்சலில் இருக்கும். இரவில் டோர்ச் அடித்துத் தடியின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கிற செள் அங்கேதான் கிடைக்கும்.

இதெல்லாம் செய்தும் ஒருத்தி மாத்திரம் அடங்கவில்லை என்றால் என்ன செய்வது? கொத்துப்படுகிறவளைத் தூக்கித் தனியே வைப்பதுதான் எல்லாரும் செய்கிற வேலை. காயம் இருந்தால் கட்டாயம் பிரிக்க வேண்டும், காயம் முழுதாக ஆறி இரத்தச் சிவப்பு மறையும் வரை சேர்க்கவே கூடாது. ஆனால் காயமில்லாத நிலையில் தனியே வைக்க வேண்டியது கொத்துகிறவளைத்தான். மூன்று நாளிலிருந்து ஒரு கிழமை வரை, மற்றவர்களைக் காணாத இடத்தில், தீனும் தண்ணீரும் குறைவில்லாமல். அவள் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் தங்களுக்குள் புதிய வரிசை போட்டுக்கொள்வார்கள். அவள் திரும்பி வரும்போது பழைய பதவி காலியாக இருக்காது. பெரும்பாலான நேரம் இது போதும்.

அதற்குப் பதிலாக உடனே அறுத்துவிட்டால்? வரிசையில் முதலாவது இடம் காலியாகும். இரண்டாவதும் மூன்றாவதும் அதற்கு மோதும். இடம் அதே நெருக்கம், தட்டு அதே ஒன்று. ஒரு மாதத்தில் இன்னொரு 'சண்டைக்காரி' பிறப்பாள். அவளையும் அறுங்கள். பிறகு மூன்றாவதையும். கடைசியில் கூட்டில் சமாதானம் வரும்தான், கோழிதான் இருக்காது.

புதிய கோழி சேர்ப்பதில் நடக்கிற அநியாயம் தனி. சந்தையில் ஒரு குஞ்சுப் பேட்டை வாங்கி, பின்னேரம் நேராகக் கூட்டுக்குள் போட்டுவிட்டு, காலையில் செத்துக் கிடக்கிறது என்று கவலைப்படுவார்கள். தவணை நடுவில் வந்து சேர்ந்த பிள்ளையை யாருடைய பெயரும் சொல்லிக் கொடுக்காமல் வகுப்பில் விட்டுக் கதவைப் பூட்டுவது போன்றது இது. கோழிகள் ஒன்றை ஒன்று தலையையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காண்பவை. இரண்டு மூன்று கிழமை பிரிந்திருந்த பழைய கோழிகூடத் திரும்பி வந்தால் அந்நியம்தான்.

முறை இதுதான். வந்த கோழியை முதலில் இரண்டு கிழமையாவது தூரத்தில் தனியே வையுங்கள், ராணிகெட் போன்ற நோய் இருந்தால் வெளிப்படட்டும். பிறகு ஒரு கிழமை பழைய கோழிகளுக்குப் பக்கத்திலேயே, நடுவில் கம்பி வலை வைத்து, பார்க்கவும் முடியும் கொத்தவும் முடியாது என்ற நிலையில். சேர்க்கும்போது ஒன்றைத் தனியாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேருங்கள், கொத்து பகிர்ந்து விழும். பெரிய கோழிகளுக்குள் குஞ்சுகளைப் போடாதீர்கள், உடம்பு கிட்டத்தட்டச் சமமாகும் வரை பொறுத்திருங்கள். கூட்டுக்குள் அல்ல, திறந்த அடைப்பில் சேருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். முதல் சில நாள் சின்னச் சின்னக் கொத்து இருக்கும். பயந்து பிரிக்காதீர்கள், பிரித்தால் மறுபடி முதலிலிருந்து. இரத்தம் வந்தால் மாத்திரம் பிரியுங்கள்.

இனி சொண்டு விடயம். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

"நகம் வெட்டுவது மாதிரித்தான்" என்று சொல்கிறார்கள். இல்லை. கோழிக்குக் கை இல்லை, சொண்டுதான் அதன் கை. அதன் நுனியில் நரம்பும் இரத்தமும் ஓடுகின்றன. தொட்டு உணர்வதும், தெரிவதும், இறகைக் கோதிப் பேனை எடுப்பதும் அதனால்தான். பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வீட்டு முற்றத்தில் அதை வெட்டுவது என்றால் விரல் நுனியைச் சுடுவதற்குச் சமம். காயத்தின் வலி ஆறிய பிறகும் நீடிக்கலாம், சரியாகத் தின்ன முடியாமல் கோழி மெலியும். கொத்து வரிசையைக் கண்டறிந்தவரின் நாடான நோர்வே 1974 இலேயே சொண்டு வெட்டுவதைத் தடைசெய்துவிட்டது. சுவீடன் 1988 இல் தடைசெய்தது. அங்கேயும் கோழி வளர்க்கிறார்கள், முட்டை சாப்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருக்கிற பண்ணைக்காரர் தன் கணக்கைச் சொல்லட்டும். ஆறு கோழி வைத்திருக்கிற வீட்டுக்கு இந்தக் கொடுமை எதற்கு?

ஒரு பெண் பூனையை அடைத்து வைத்து, தானும் தீன் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டதை நபியவர்கள் (ஸல்) சொன்ன ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அதில் இரண்டு குற்றம் இருக்கிறது: தீன் கொடுக்காதது ஒன்று, தேடித் தின்ன விடாதது மற்றது. கிளற மண்ணில்லாத கம்பிக் கூட்டுக்கு முன்னால் நின்று இந்த இரண்டாவது குற்றத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"அப்படியென்றால் கோழியின் குணத்தில் ஒன்றுமே இல்லையா" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்பவர் ஒரு சோதனை செய்து 1996 இல் வெளியிட்டார். தனித்தனியாக அதிகம் முட்டையிடுகிற கோழிகளை அவர் தெரிவு செய்யவில்லை. சகோதரிக் கோழிகளை ஒரே கூட்டில் வைத்து, கூட்டமாக நன்றாக முட்டையிட்டு நன்றாக உயிர் பிழைத்த குடும்பங்களைத் தெரிவு செய்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே சாவு வெகுவாகக் குறைந்தது, முட்டையும் கூடியது. வீட்டுக்கு இதில் பாடம் என்ன? மற்றவர்களை அடித்துத் தின்று கொழுத்த பேட்டின் முட்டையை 'நல்ல சாதி' என்று அடை வைக்காதீர்கள். அமைதியாக மேய்ந்து, ஒழுங்காக முட்டையிடுகிறவளின் முட்டையை வையுங்கள். இரண்டு மூன்று தலைமுறை பொறுமையாக இருங்கள். குணம் திருத்துவது என்றால் இதுதான். கத்தி அல்ல.

கடைசியாக, சங்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற சகோதரர்களுக்கும்.

உங்கள் நிய்யத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் பதாகை பிடித்து, கூட்டுடன் ஒரு சகோதரியை நிறுத்திப் படமெடுத்துப் போட்டு, மூன்று மாதம் கழித்து "அவக்கு வளர்க்கத் தெரியல்ல" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? தலைக்கு ஒரு தாள் அளவு இடம் கொடுத்தது யார்? ஐந்து இடங்களிலிருந்து சேர்த்த, ஒன்றை ஒன்று கண்டிராத, வயதும் வேறு வேறான கோழிகளை ஒரே நாளில் ஒரே கூட்டுக்குள் திணித்தது யார்? ஒரு தீன் தட்டோடு அனுப்பியது யார்? அந்தச் சகோதரி இரவில் எழும்பி, இரத்தம் வடிகிற கோழிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்ததை உங்கள் படம் காட்டாது. அவளுக்கு வந்த நட்டத்துக்கு மேலே கெட்ட பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை கொடுப்பதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அந்த வீட்டு வளவில் எத்தனை சதுர அடி உண்டு? அதற்கேற்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். பத்து என்பது ஹதீஸ் அல்ல. நாலும் கொடுக்கலாம்.

இரண்டு, கோழிகள் ஒரே வயதில், ஒன்றாக வளர்ந்த கூட்டமா?

மூன்று, மிச்சப்பட்ட காசில் வலையும், இரண்டாவது தட்டும், முதல் இரண்டு மாதத் தீனும் உண்டா?

நாலு, அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொன்னீர்களா? தடுப்பூசிக்கும் ஆலோசனைக்கும் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வரவழைத்து, கோழி பெறப்போகிற பெண்களை உட்காரவைத்துக் கதைக்கச் செய்யுங்கள். இடம் வேண்டுமென்றால் பாடசாலை மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள், விவசாய பாடம் படிக்கிற பிள்ளைகளும் வந்து கேட்கட்டும்.

வீட்டில் கோழி வைத்திருக்கிற ராத்தாமார், சாச்சிமாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில் தீன் போட்டுவிட்டு உடனே உள்ளே போகாதீர்கள். கால் மணித்தியாலம் நின்று பாருங்கள். யார் முதலில் தின்கிறாள், யார் ஒதுங்குகிறாள், ஒதுங்கியவளுக்குக் கடைசியில் தீன் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் இன்னொரு தட்டு வையுங்கள். ஒரு பழைய சட்டி போதும். யாராவது கத்தியைச் சூடாக்கச் சொன்னால், அளவு நாடாவைக் கொண்டு வந்து முதலில் கூட்டை அளக்கச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.